லோகேஸ்வரியின் பதினோரு பக்கங்கள்

சேலத்தில் நாங்கள் செய்து, எழுதி, அச்சிலும் வந்துவிட்ட ஒரு சோதனை ஈப்போவில் வர மறுத்தது. அங்கே ஊருக்கு வெளியே இருந்த சிறிய ஆய்வு நிலையத்தில் ஒன்றரை வருடமாக முயன்று பார்த்துவிட்டு, "நேரில் வந்து செய்து காட்டுங்கள்" என்று அழைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு அதுதான் காரணம்.

செவ்வாய் சாயங்காலம் போய் இறங்கினேன். விடுதிக்கு அழைத்துப் போன ஓட்டுநர் தமிழர். பெயர் குணா, வீடு ஊருக்குப் பக்கத்தில் சிலிபினில். பெட்டியை இறக்கி வைத்தவர், "வந்து சேந்துட்டேன்னு வீட்டுக்குப் போன் போட்டாச்சாக்கா?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்றேன். போடுவதற்கு யாரும் இல்லை. அப்பா போன பிறகு சேலம் வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் அதைக் கேட்ட மனிதரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? குணா தன் எண்ணைக் கொடுத்து, "எங்க போகணும்னாலும் கூப்பிடுங்கக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். சேலத்திலும் நான்கு பக்கமும் மலைதான், ஆனால் எங்கள் மலைகள் தள்ளி இருக்கும். இங்கே வீட்டுக் கொல்லையிலேயே மலை எழும்பி நிற்கிறது. துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் செங்குத்தாக வெள்ளைப் பாறை. அதன் உச்சியில் ஒரு மரம்.

விடுதிக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முதலாளியின் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். உள்ளே நுழைந்ததும், "ஒரே ஆளாக்கா?" என்றார். ஆமாம் என்றதும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த சின்ன மேசையைக் காட்டினார். மற்ற மேசைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கோழிக் குழம்பில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் டீ கேட்டேன். அவர் உள்ளே திரும்பி, "தே ஓ கோசோங் ஒண்ணு!" என்று கத்தினார். அந்த வாரம் முழுவதும் எனக்கு அந்தத் தொட்டியோர மேசைதான். மூன்றாம் நாள் முதல் கேட்காமலே டீ வந்தது.

புதன்கிழமை வேலை தொடங்கியது. நிலையத்தின் தலைவர் டாக்டர் லியோங், ஈப்போச் சீனர். அறுபதை நெருங்குபவர், மெதுவாகப் பேசுவார், ஆங்கிலத்தில். உதவிக்குக் கமாலியா என்ற மலாய்ப் பெண். அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயிண்ட், பசை, கையுறைப் பூச்சு எல்லாவற்றிலும் பலபடி இருக்கிறது: சின்னச் சின்ன மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. சாதாரணமாகச் செய்தால் ஒரு சங்கிலி முழம் நீளும், இன்னொன்று சாண் அளவில் நின்றுவிடும். எங்கள் முறையில் ஒரு சேர்மம் நடுவில் நின்று எல்லாச் சங்கிலிக்கும் முறைவைத்துக் கொடுக்கும். பந்தியில் எந்த இலையும் நிரம்பி வழியாமல், எந்த இலையும் காயாமல் பரிமாறுகிற ஆள் மாதிரி. அதனால் எல்லாம் ஒரே நீளத்தில் வளரும். இதையெல்லாம் நெடியடிக்கும் கரைப்பான் இல்லாமல் வெறும் தண்ணீரில் செய்வதுதான் எங்கள் பெருமை. சங்கிலியின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. வால் நீள நீள, சங்கிலிகள் தலையை வெளியே நீட்டி, வாலை உள்ளே மறைத்து உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். அந்த உருண்டைதான் நானோ துகள். சரியாக வந்தால் குடுவையில் பால் போல ஒரு திரவம். வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலம்.

லியோங் அதைக் கையுறையின் உட்புறம் பூசப் பார்த்தார். மாவு தடவாமலே கை வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பது அவர் திட்டம்.

முறைவைத்துக் கொடுக்கும் அந்தச் சேர்மத்தைப் பொடியாகச் சேலத்திலிருந்தே கொண்டுபோயிருந்தேன், அதையே போட்டேன். நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றி, சூடேற்றி, ஆறு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் குடுவையில் இருந்தது திரிந்த பால். அடியில் தயிர்க்கட்டி, மேலே கலங்கிய தண்ணீர்.

"முதல் நாள்தானே" என்றார் லியோங்.

வியாழக்கிழமையும் திரிந்தது.

அன்று மதியம் லியோங் என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். வேகவைத்த கோழி, குண்டு குண்டாக முளைகட்டிய பயறு, வழுக்கும் அரிசி நூடுல்ஸ். நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. முன்பு இந்தச் சோதனையைச் செய்தவர் யார் என்று கேட்டேன்.

"லோகேஸ்வரி என்று ஒரு மாணவி. உங்களுக்குக்கூட மின்னஞ்சல் எழுதுவாள். நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் கை பழகவில்லை. அச்சில் வந்த முறையை அப்படியே செய் என்றால் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பாள். போன வருடம் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள்."

பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. அடிக்கடி எழுதுவாள். சுருக்கமாகப் பதில் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு நிலையமே காலியானது. மழை வேறு. வீட்டுக்குக் கிளம்பிய கமாலியா என் முன்னால் இரண்டு நோட்டுகளை வைத்தாள். "லோகேஸ் எழுதியது. பிரயோசனப்படுமா என்று பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னவள், நான் ஏதும் கேட்கும் முன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நோட்டு முழுக்கத் தோல்விகள். ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, சூடு, முடிவு. எழுத்து நேர்கோட்டில். நான் பார்த்த எந்த மாணவரின் நோட்டும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'சாட்சி' என்று ஒரு வரி, அதில் லியோங்கின் கையெழுத்து. இரண்டாவது நோட்டின் கடைசிப் பதினோரு பக்கங்களில் மட்டும் அந்த வரி வெறுமையாக இருந்தது.

அந்தப் பதினோரு பக்கங்களில் அவள் தண்ணீரில் உப்பைப் போட்டிருந்தாள். சாதாரணச் சமையல் உப்புதான், ஆய்வகத் தரத்தில். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். நான்காவது பக்கத்தில், 'கட்டி குறைவு.' ஏழாவதில், 'பால்.' எட்டாவதில் பெரிய எழுத்தில், 'நீலம்.' காரணத்தையும் எழுதியிருந்தாள்: சங்கிலித் தலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளுகின்றன, கொஞ்சம் உப்பு இருந்தால்தான் அந்தத் தள்ளல் அடங்கி உருண்டை சேர்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் தமிழில் ஒரு வரி: 'சேலத்துத் தண்ணி சுத்தமா?'

வெளியே மழை. அந்தப் பெரிய கூடத்தில் குளிர்பதனப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சேலத்துக்குப் போன் போட்டேன். எங்கள் ஆய்வக உதவியாளர் முருகேசன் எடுத்தார்.

"முருகேசன், சுத்தத் தண்ணி மெஷின்ல கார்ட்ரிட்ஜ் எப்ப மாத்தினோம்?"

"எங்க மேடம் மாத்தினோம்? செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, கண்ணைக் குத்துதுன்னு நீங்கதானே டேப் ஒட்டச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். புதிய கார்ட்ரிட்ஜுக்கு விண்ணப்பம் எழுதிப்போட நினைத்து, பிறகு மறந்தேன். தண்ணீரில் உப்பு இருந்தால் மின்கடத்துதிறன் ஏறும். முருகேசன் அதை அளந்து அரை மணியில் சொன்ன எண், எங்கள் கல்லூரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. 'மிகத் தூய நீரில்' என்று கட்டுரையின் தலைப்பிலேயே போட்டிருந்தோம். அந்தத் துகள்கள் உருண்டது எங்கள் கிணற்று உப்பின் தயவில். சேலத்தில் அந்தச் சோதனையைச் செய்த என் மாணவன் சரவணன் மேல் பிழையில்லை. நான் கொடுத்த தண்ணீரை நம்பி அவன் ஒழுங்காகச் செய்திருந்தான்.

பிறகு அவளுடைய மின்னஞ்சல்களைத் தேடினேன். கடைசியாக வந்தது: 'டாக்டர், உங்கள் ஆய்வகத் தண்ணீரின் மின்கடத்துதிறனை ஒரு முறை அளந்து சொல்ல முடியுமா?' கல்லூரிப் பேருந்தில் வரும்போது போட்டதாக இருக்க வேண்டும் என் பதில்: 'எங்கள் நீர் தூயது. நைட்ரஜன் செலுத்துவதைச் சரிபார்க்கவும்.'

அன்று இரவு சாப்பாட்டுக் கடை முதலாளி, "மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கேக்கா, சாப்பாடு ஒத்துக்கலையா?" என்று கேட்டார். யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. தண்ணீரில் உப்பு இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "வெயில்தான்" என்றேன். நாள் முழுக்க மழை பெய்திருந்தது. அவர் டீயை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை லோகேஸ்வரி எழுதியபடி உப்பு போட்டேன். அவசரத்தில் அளவை ஒரே முறைதான் பார்த்தேன். மதியத்துக்கு மேல் குடுவையில் பால். சன்னல் வெளிச்சத்தில் பிடித்ததும் நீலம். லியோங் என் கையிலிருந்து குடுவையை வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"என்ன செய்தீர்கள்?"

"கொஞ்சம் உப்பு."

அவர் சிரித்துவிட்டார். "உங்களைப் போன்றவர்களிடம் இப்படி ஏதாவது கைப்பக்குவம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டுரையில் எழுதாமல் வைத்துக்கொள்வீர்கள்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நோட்டுகள் மூன்றடி தூரத்தில் மேசைமேல் இருந்தன. நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

கமாலியா எங்களைப் பார்த்தாள், பிறகு கை கழுவப் போனாள். அவளைப் பின்தொடர்ந்து போய், லோகேஸ்வரியைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். விலாசம் தர முடியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் பதில் வந்தது: ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பாளாம், வேண்டுமானால் வரச் சொன்னாளாம்.

குணாவின் காரில் போனேன். சுங்கை சிப்புட் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே இருட்டு. "முன்ன எல்லாம் ரப்பர்தான்க்கா" என்றார் குணா. "இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான் என் மாமியா பொறந்தாங்க. லயத்த இடிச்சுட்டாங்க. ஆளுங்களுக்கு ரோட்டோரமா தாமான்ல வீடு கட்டிக் குடுத்துட்டாங்க." வரைபடம் காட்டிய வழியில் திரும்பினோம். அது பழைய தோட்டத்துப் பாதை. நூறு அடி போவதற்குள் முன்சக்கரம் சேற்றில் இறங்கியது. குணா இறங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "சூசாலா இது, கஷ்டந்தான். நீங்க நேரா நடங்கக்கா, அந்தக் கோடியில வீடு தெரியும். நான் ஆள் கூப்பிட்டு எடுத்துட்டு வாரேன்."

செம்பனைக்குள் தனியாக நடந்தேன். காலடியில் காய்ந்த மட்டைகள். ஒரு ஆள்கூட இல்லை. என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டே போனேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. செருப்பு முழுக்கச் சேறு.

லோகேஸ்வரிக்கு இருபத்தேழு வயது இருக்கும். வாசல் குழாயைத் திறந்துவிட்டாள். "காலக் கழுவிக்குங்க டாக்டர். ஏன் அந்தப் பக்கமா வந்தீங்க? மெயின் ரோட்டுல கேட் இருக்குலா."

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கூடத்தில் நாங்கள் இருவரும்தான். டீ கொண்டு வந்து வைத்தாள்.

"உங்க நோட்டப் படிச்சேன்" என்றேன். "நீங்க எழுதினதுதான் சரி. எங்க தண்ணியிலதான் உப்பு இருந்திருக்கு."

"தெரியும்."

"மன்னிச்சுக்கணும். உங்க மெயிலுக்கு நான்..."

"டாக்டர் லியோங்கிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நேத்தே கமாலியா மெசேஜ் போட்டுச்சு. உப்புப் போட்டு வந்துருச்சாம், இந்தியா புரொஃபசர் கண்டுபுடிச்சுட்டாங்கன்னு டாக்டர் ஒரே சந்தோசமாம். அப்ப, எனக்கு மட்டும் சொல்ல வந்தீங்களா? எனக்குத் தெரிஞ்ச விசயத்தயா?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வருசம் நாலு மாசம்" என்றாள். குரல் உயரவில்லை. "கிளாஸ் சரியா கழுவலயோ, எடை தப்பா போட்டேனோன்னு தெனம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். உப்புல வந்ததும் ஓடிப் போயி டாக்டர்கிட்ட சொன்னேன். பேப்பர்ல உப்பு இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப அது அந்தச் சோதனை இல்ல, சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா போட்டிருப்பாரு."

இப்போது கையுறைக் கிலாங் ஒன்றில் தரச்சோதனை செய்கிறாளாம். தொழிற்சாலையை அங்கே கிலாங் என்றுதான் சொல்கிறார்கள். "கையுறைக்குள்ள தண்ணி ஊத்தித் தொங்க விடுவோம். ஒழுகுனா ஒழுகுதுன்னு எழுதுவேன். ஒழுகலன்னா ஒழுகலன்னு எழுதுவேன். உன் கை சரியில்லன்னு யாரும் சொல்றதில்ல."

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன். "நீங்களும் இருந்தா நல்லது."

"ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு இருக்கு. பாப்போம். வாரேன்னு சொல்லல."

திங்கட்கிழமை ஒன்பதரை வரை காத்திருந்தேன். வரவில்லை. சரி, சொல்லிவிடலாம் என்று எழுந்து லியோங்கின் அறைக்கதவைத் தட்டியபோது கீழே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம். தொழிற்சாலைச் சீருடையில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

மூவரும் உட்கார்ந்தோம். நான் நோட்டை லியோங் முன் திறந்து வைத்தேன். எங்கள் கார்ட்ரிட்ஜ், டேப் ஒட்டிய சிவப்பு விளக்கு, முருகேசன் சொன்ன எண், அவளுடைய மின்னஞ்சல், என் பதில், எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை சிரித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

லியோங் பதினோரு பக்கங்களையும் படித்தார். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்து. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ இதைக் கொண்டுவந்தபோது நான் முதல் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை" என்றார் அவளிடம். "உன் கை பழகவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். தவறு என்னுடையது."

அவள் தலைக்கவசத்தை மடியில் திருப்பி வைத்தாள்.

"திரும்பி வா. படிப்பை முடி. வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்."

"வேண்டாம் டாக்டர்" என்றாள், ஆங்கிலத்தில். "அடுத்த மாதம் என்னை மேற்பார்வையாளராக்குகிறார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது." நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்."

சாட்சி வரியில் அவர் பதினோரு முறை கையெழுத்துப் போட்டார், அன்றைய தேதியில். பேனா நடுவில் எழுதாமல் நின்றது. அவள் சட்டைப் பையிலிருந்த தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டாள். எனக்கும் அனுப்பினாள்.

வாசல்வரை கூடவே போனேன். மதியம் ஒன்றாகச் சாப்பிடலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். "திருத்தம் எழுதுவீங்கல்ல, அனுப்புறதுக்கு முன்ன எனக்குக் காட்டுங்க" என்று சொல்லி வண்டியை உதைத்தாள். சாலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தொட்டியோர மேசைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்று சாப்பாடு இறங்கியது.

ஊர் திரும்ப விமானம் பிடிக்கச் செவ்வாய்க்கிழமை காலை ரயில். பக்கத்து இருக்கை காலி. காம்பார் வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்து இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதத் தொடங்கினேன். 'எங்கள் கவனத்துக்கு வந்தது' என்று முதலில் எழுதினேன். அழித்தேன். 'ஈப்போவிலிருந்து லோகேஸ்வரி எங்கள் நீரைச் சோதிக்கச் சொல்லி எழுதினார். நான் சோதிக்காமலே தூயது என்று பதிலளித்தேன். கீழே உள்ள விளக்கம் அவருடையது' என்று எழுதினேன். கடிதத்தை எழுதியவர்கள் பெயர்களில் அவள் பெயரை முதலில் வைத்தேன், சரவணனுடையதை இரண்டாவதாக. அவனுக்கும் விவரமாக எழுத வேண்டும். நான் போட்ட உப்பின் அளவை, லிட்டருக்கு இருபது மில்லிமோல் என்று குறித்தேன். அவளுக்கு அனுப்பினேன்.

சன்னலுக்கு வெளியே செம்பனை, குளம், மறுபடி செம்பனை. முன்வரிசையில் ஒரு பெண் போனில், "இறங்கினதும் கூப்பிடுறேன்லா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். தஞ்சோங் மாலிம் நெருங்கும்போது பதில் வந்தது. வணக்கமோ நன்றியோ இல்லை.

'இருவது இல்ல டாக்டர், பன்னண்டு. இருவது போட்டா துகள் பெருசாயிடும். எட்டாம் பக்கம் பாருங்க.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேர்கோட்டில் எழுதிய எண். பன்னிரண்டுதான். நான் பதற்றத்தில் சரியாகப் படிக்காமல் போட்டிருக்கிறேன்.

இருபதை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன்.